எங்கள் படிப்பகத்து வெள்ளைப் பெட்டி

மாரிகுப்பத்தை விட்டுப் பெங்களூருக்கும் ஓசூருக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் குடிபெயர்ந்த அன்பர்கள், விடுமுறையில் ஊர் திரும்பும்போது எங்கள் லைனிலுள்ள படிப்பகத்தை எட்டிப் பார்ப்பது வழக்கம். அவர்களுட் சிலர், நடுச்சுவரில் மாட்டப்பட்டிருக்கும் சிறிய வெள்ளைப் பெட்டியைக் கண்டு, "இதை மாட்டியது யார்?" என்று கேட்பதுண்டு. "நான்தான்" என்று விடை கூறும்போது என் குரலில் பெருமையைக் காட்டிலும் கூச்சமே மிகுந்திருக்கும். அக்கூச்சத்தின் காரணத்தை எழுதினால், தம் வீட்டிலோ ஊரிலிருக்கும் பெற்றோர் வீட்டிலோ இத்தகைய பெட்டியை மாட்ட விரும்பும் அன்பர்களுக்குச் சிறிது பயன்படும் என்று கருதி இக்கட்டுரையை எழுத முற்படுகிறேன்.

மாரிகுப்பத்துக்குப் படிப்பு புதிதன்று. அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு இவ்வூரில் கிளை இருந்தது. 1907இல் அவர் சென்னையில் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் இதழைத் தங்கவயல் தமிழர்கள் விரும்பிப் படித்தார்கள். என் தகப்பனார் காலத்தில், சுரங்கத்திலிருந்து மேலேறி வந்து முகத்தைக் கழுவிய கையோடு, ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிக்கப் பத்துப் பேர் சுற்றி அமர்ந்து கேட்பார்கள். அந்த மரபின் சிறு எச்சமே எங்கள் படிப்பகம். கல்லும் மண்ணும் சேர்த்துக் கட்டிய தடித்த சுவர்கள். மேலே தகரக் கூரை. இரண்டு இரும்பு அலமாரி. ஒரு நீண்ட மேசை. அவ்வளவுதான்.

2021ஆம் ஆண்டு, பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடிக் கிடந்தன. பாடம் கைப்பேசியில் வந்தது. ஆனால் கைப்பேசிக்கு எங்கள் லைனில் அலை வரவில்லை. பிள்ளைகள் சுரங்க மண்மேட்டின் அடிவாரத்தில், காற்றில் பறக்கும் வெண்மையான தூசியில் நின்றுகொண்டு பாடம் கேட்டார்கள். மழை வந்தால் பாடம் நின்றுவிடும். அதைக் கண்டு மனம் பொறாமல், வீட்டுக்கு வீடு பணம் சேர்த்துப் படிப்பகத்துக்கு இணைய இணைப்பு வாங்குவதென்று முடிவு செய்தோம். கண்ணாடி இழை தெருமுனைக் கடை வரையில் வந்து நின்றது. அங்கிருந்து ஐம்பது மீட்டர் கம்பி இழுத்து, படிப்பகத்தில் ஒரு வைஃபை பெட்டியை மாட்ட வேண்டும். "அண்ணன் மின்பகுதியில் வேலை பார்த்தவர், அவர் செய்துவிடுவார்" என்று ஒருவர் சொன்னார். மற்றவர்கள் தலையசைத்தார்கள். நானும் மகிழ்ச்சியோடு தலையசைத்தேன்.

1979இல் உதவியாளனாகச் சேர்ந்து, 28-2-2001 அன்று சுரங்கம் மூடப்படும் வரையில் நான் மின்பகுதியில் உழைத்தவன். தங்கவயல்காரனுக்கு மின்சாரம் என்றால் ஒரு தனிப் பெருமிதம் உண்டு. காவிரியின் சிவசமுத்திர அருவியில் எடுத்த மின்சாரம், ஏறக்குறைய 147 கிலோமீட்டர் கம்பியில் ஓடி, 1902ஆம் ஆண்டில் இங்குள்ள சுரங்கங்களுக்கு வந்து சேர்ந்தது. பெங்களூர் நகரத்துக்கு அது பிறகுதான் கிடைத்தது. அத்தகைய ஊரில் கம்பி கோத்தவனுக்கு உள்ளங்கை அளவுப் பெட்டி ஒரு பொருட்டா என்று நினைத்தேன். அந்த நினைப்பே என் முதற்பிழை.

பெட்டியோடு வந்த குறிப்பேட்டை நான் பிரித்தும் பார்க்கவில்லை. எதிர்வீட்டில் மின்னணுவியல் பட்டயப் படிப்புப் படிக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். என்னைத் தாத்தா என்று அழைப்பவள். "தாத்தா, கம்பி முனையில் நிற வரிசை ஒன்று உண்டு, நான் காட்டட்டுமா?" என்று கேட்டாள். "நீ பிறக்கும் முன்பே நான் கம்பி முறுக்கியவன் அம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அலமாரியின் மேலே, கூரைத் தகரத்துக்கு ஒரு முழம் கீழே, பெட்டியை மாட்டினேன். அதன் இரு குச்சிகளையும், துப்பாக்கியைக் குறி பார்ப்பது போல, பிள்ளைகள் அமரும் மேசையை நோக்கித் திருப்பி வைத்தேன். அலையின் ஆற்றலை எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவும் கூட்டினேன். கைப்பேசியில் நான்கு கோடுகளும் எழுந்து நின்றன. எல்லோரும் கைதட்டினார்கள். அன்றிரவு நான் நன்றாக உறங்கினேன்.

மூன்றாம் நாள், எங்கள் லைனைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு, வெளியூர்த் தொழிற்சாலை ஒன்றில் பயிற்சி வேலைக்கு நேர்காணல். அவளுடைய தகப்பனார் இல்லை. தாயார் விடியுமுன் புறப்படும் ரயிலில் பெங்களூருக்குச் சென்று வீட்டுவேலை செய்து இரவில் திரும்புபவர். நேர்காணல் கைப்பேசி வழியாகவே நடந்தது. நான் வெளியே திண்ணையில் காவல் போல அமர்ந்திருந்தேன். தொடங்கிய சில நிமிடங்களில் உள்ளேயிருந்து, "ஐயா, கேட்கிறதா? ஐயா, கேட்கிறதா?" என்ற குரல் எழுந்தது. அவர்கள் பேசுவது அவளுக்குக் கேட்டது. அவள் பேசுவது அவர்களுக்குத் துண்டு துண்டாகவே சென்றது. இடையே பெட்டி ஒருமுறை தானே அணைந்து மீண்டும் எரிந்தது. அதற்குள் நேர்காணல் முடிந்துபோயிற்று. மறுமுறை அழைப்பு வரவில்லை.

மாலையில் அவள் தாயார் என்னிடம் வந்தார். கடிந்துகொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "உங்க மேல குத்தமில்லீங்க அண்ணே. நாலு கோடும் நல்லாத்தான் இருந்துச்சாம். எங்க நேரந்தான் சரியில்லை" என்று சொல்லிவிட்டுச் சென்றார். அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் ஆறியிருப்பேன். கம்பியைப் பற்றி அறியாத ஒரு தாய், கம்பி அறிந்தவனின் பிழையைத் தன் விதியின் கணக்கில் எழுதிக்கொண்டதை என்னால் தாங்க முடியவில்லை. அன்றிரவே எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். "அம்மா, எனக்குக் கற்றுக்கொடு" என்றேன்.

அந்தப் பெண் முதலில் பெட்டியின் மூடியைக் கழற்றி உள்ளே காட்டினாள். நான் எதிர்பார்த்ததைவிட எளிமையாக இருந்தது. ஒரு பச்சைத் தகடு. நடுவே கணிப்பொறியின் மூளை போன்ற ஒரு சில்லு. அருகே நினைவுச் சில்லுகள். தகர மூடியிட்ட ஒரு சிறு அறையில் வானொலிப் பகுதி. அங்கிருந்து குச்சிகளுக்குச் செல்லும் மெல்லிய இரு கம்பிகள். மற்றொரு மூலையில் வலைக்கம்பி செருகும் துளை. அதன் பின்னே சிறு மின்மாற்றி. மின்மாற்றியைக் கண்டதும் பழைய நண்பனைக் கண்டது போலிருந்தது. வெளிக்கம்பியின் மின்சாரம் நேரே சில்லுக்குள் பாயாமல், செய்தி மட்டும் காந்தப்புலத்தின் வழியே தாண்டிச் செல்ல அது உதவுகிறது.

பிறகு வேலைப் பிரிவினையைச் சொன்னாள். நாம் 'வைஃபை பெட்டி' என்று ஒரே பெயரால் அழைப்பதற்குள் மூன்று வேலைகள் அடங்கியிருக்கின்றன. கண்ணாடி இழையில் வரும் ஒளியை மின்குறியாக மாற்றுவது ஒன்று. எந்தச் செய்தி எந்தக் கருவிக்கு உரியது என்று முகவரி பார்த்து வழிகாட்டுவது இரண்டு. இதுவே ரௌட்டரின் வேலை. கம்பியில் வந்த செய்தியை வானலையாக்கிப் பரப்புவதும், வானலையில் வந்ததைக் கம்பியில் இறக்குவதும் மூன்று. இதைச் செய்வதே அக்ஸஸ் பாயிண்ட் என்னும் அணுகுமுனை. பல வீடுகளில் இம்மூன்றும் ஒரே பெட்டியில் இருக்கும். எங்களிடம் முதலிரண்டும் கடையில் இருந்தன. மூன்றாவது மட்டும் படிப்பகத்தில் இருந்தது. ஆகவே பிழையைத் தேட வேண்டிய இடங்கள் இரண்டே: ஐம்பது மீட்டர்க் கம்பி, அதன் முனையிலுள்ள பெட்டி.

கம்பியை முதலில் பார்த்தோம். வலைக்கம்பிக்குள் எட்டு இழைகள். இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு இணைகள். நான் ஆரஞ்சு இணை, பச்சை இணை, நீல இணை, பழுப்பு இணை என்று பக்கம் பக்கமாக அடுக்கி, இரு முனைகளிலும் ஒரே வரிசையில் பொருத்தியிருந்தேன். சோதனைக் கருவியில் எட்டு விளக்குகளும் ஒழுங்காக எரிந்தன. மின்கம்பியின் இலக்கணப்படி அதில் குற்றமில்லை. ஆனால் செய்திக்கம்பியின் இலக்கணம் வேறு. ஒரு செய்தி, இணையின் இரு இழைகளிலும் எதிரெதிராகச் செல்கிறது. இழைகள் முறுக்கியிருப்பதால் வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் சமமாகப் பட்டு, முடிவில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. செருகியில் ஒன்றாம் இரண்டாம் ஊசிகள் ஓர் இணைக்கு உரியவை. மூன்றாம் ஆறாம் ஊசிகள் மற்றோர் இணைக்கு உரியவை. நான் அடுக்கிய வரிசையிலோ, மூன்றாம் ஊசியில் பச்சை இணையின் இழையும் ஆறாம் ஊசியில் நீல இணையின் இழையும் போய் அமர்ந்துவிட்டன. கணவனை ஒரு வண்டியிலும் மனைவியை வேறு வண்டியிலும் ஏற்றி அனுப்பியது போலாயிற்று. தனித்தனியே ஊர் போய்ச் சேர்வார்கள். வழியில் ஒருவருக்கொருவர் துணையில்லை. சரியான வரிசை இது: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. அன்பர்கள் இதை ஒரு தாளில் எழுதிக் கருவிப்பெட்டியில் ஒட்டி வைத்துக்கொள்க.

பெட்டி தானே அணைந்து எரிந்ததற்கும் கம்பியே காரணம். இப்பெட்டிக்கு வேண்டிய மின்சாரமும் அதே வலைக்கம்பியில்தான் செல்கிறது. கடையில் ஒரு சிறு கருவி 24 வோல்ட் மின்சாரத்தை, செய்தி செல்லாத நான்கு இழைகளில் செலுத்துகிறது. 2003இல் வகுத்த பொதுமுறையில் இயங்கும் உயர்ந்த வகையும் உண்டு. அதில் மின்சாரம் கொடுக்கும் கருவி, மறுமுனையில் மின்சாரம் ஏற்கத்தக்க கருவி இருக்கிறதா என்று முதலில் சோதித்து அறிந்த பின்னரே ஏறக்குறைய 48 வோல்ட்டை அனுப்பும். எங்களுடையது எளிய வகை. மலிவாகக் கிடைத்ததென்று நான் வாங்கிய கம்பி, செம்பு பூசிய அலுமினியம். அலுமினியத்தின் மின்தடை செம்பினுடையதைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். பெட்டி முழு வேகத்தில் உழைக்கும்போது அளவுகருவியை வைத்துப் பார்த்தேன். 24 வோல்ட் ஏறக்குறைய 18ஆகத் தேய்ந்திருந்தது. சுரங்கத்தில் இருந்த இருபத்திரண்டு ஆண்டும் நீண்ட கம்பியில் வோல்ட் தேயும் என்று இளைஞர்களுக்குப் பாடம் சொன்னவன் நான்.

அடுத்தது பெட்டி. "தாத்தா, அது நல்லாக் கத்துது. ஆனா அதுக்குக் காது கேக்கல" என்றாள் அந்தப் பெண். இந்த ஒரு வரியில் என் பிழைகளுள் பெரியது அடங்கியிருந்தது. கைப்பேசியில் தெரியும் கோடுகள், பெட்டி பேசுவது நமக்கு எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதையே காட்டும். நாம் பேசுவது பெட்டிக்கு எட்டுகிறதா என்பதை அவை காட்டா. பெட்டியின் ஆற்றலை நான் கூட்டிவிட்டேன். கைப்பேசியின் ஆற்றலை யார் கூட்டுவது? அது தன் சிறு மின்கலத்தைக் காத்துக்கொண்டு மெல்லத்தான் பேசும். ஆகவே நான்கு கோடுகள் நின்றன. அந்தப் பெண்ணின் குரல் மட்டும் போய்ச் சேரவில்லை.

குச்சிகளைப் பற்றியும் நான் தவறாகவே எண்ணியிருந்தேன். குழாயின் வாயிலிருந்து நீர் பாய்வது போலக் குச்சியின் நுனியிலிருந்து அலை பாயும் என்று நினைத்தேன். உண்மை அதற்கு நேர்மாறானது. உளுந்து வடையின் துளையில் ஒரு குச்சியைச் செருகியதாக நினைத்துக்கொள்ளுங்கள். அலை பரவும் வடிவம் அந்த வடை. குச்சியின் பக்கங்களில் அலை வலிது. நுனியின் நேரே மிகவும் மெலிது. பிள்ளைகளை நோக்கி நுனியைத் திருப்பியதால், அவர்கள் வடையின் துளைக்குள் அமர்ந்திருந்தார்கள். போதாக்குறைக்கு, கீழே இரும்பு அலமாரி, மேலே தகரக் கூரை. உலோகத்தை வானலை ஊடுருவாது, பட்டுத் திரும்பும். திரும்பிய அலைகள் நேரே வந்த அலையோடு மோதிச் சில இடங்களில் அதை அழித்தும்விடும். 240 கோடி முறை ஒரு நொடியில் அதிரும் அலையின் நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர்தான். அதனால்தான் கைப்பேசியை ஒரு சாண் நகர்த்தினால் சில வேளை பேச்சு தெளிகிறது.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. விடியற்காலையில், அந்தத் தாயார் ரயிலுக்குப் புறப்படும் நேரம் பார்த்து அவர் வீட்டு வாசலில் நின்றேன். "தங்கச்சி, உன் நேரம் ஒன்றும் கெடவில்லை. என் கைதான் தவறியது. கேட்டுச் செய்திருக்க வேண்டியதைக் கேளாமல் செய்தேன்" என்றேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "சரிங்க அண்ணே. மத்த புள்ளைங்களுக்காவது சரியாப் பண்ணிடுங்க" என்று சொல்லி, பையை எடுத்துக்கொண்டு நிலையத்தை நோக்கி நடந்தார். அந்தப் பெண் கதவருகே நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் சொல்ல எனக்குச் சொல் கிடைக்கவில்லை.

என் சொந்தப் பணத்தில் தூய செம்புக் கம்பி வாங்கினேன். எதிர்வீட்டுப் பெண் நிற வரிசை சொல்ல, நான் முனைகளைப் பொருத்தினேன். கம்பி ஒரு கட்டடத்திலிருந்து மற்றொன்றுக்கு வெட்டவெளியில் செல்வதால், கோடை இடிக்கு அஞ்சி, இரு முனைகளிலும் மின்னற்காப்புக் கருவி வைத்து நிலக்கம்பியோடு இணைத்தோம். அதில் மட்டும் நான் ஆசானாக இருந்தேன். பெட்டியை நடுச்சுவருக்குக் கொண்டுவந்து, ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, உலோகம் எதுவும் அருகில் இல்லாத இடத்தில் மாட்டினோம். குச்சிகளை நிமிர்த்தி நிறுத்தினோம். ஆற்றலைப் பாதியாகக் குறைத்தோம். கோடுகள் நான்கிலிருந்து மூன்றாயின, பேச்சோ தெளிந்தது. மின்வெட்டுக்காகக் கடையிலிருந்த கருவிகளுக்கு ஒரு சிறு மின்கலப் பெட்டியையும் வைத்தோம். தொழிற்சாலையிலேயே இட்டு வந்த கடவுச்சொல்லை மாற்றினோம். அதை மாற்றாமல் விடுவது பூட்டு வாங்கிச் சாவியை வாசலில் தொங்கவிடுவதற்குச் சமம்.

அலைவரிசையையும் அவளே தேர்ந்தாள். 240 கோடி அதிர்வுப் பகுதியில் ஒன்றன்மேல் ஒன்று படாத வரிசைகள் ஒன்று, ஆறு, பதினொன்று என மூன்றே. கடையில் இருந்த பெட்டி ஆறில் பேசியது; எங்களுடையதைப் பதினொன்றுக்கு மாற்றினோம். 500 கோடிக்கு மேற்பட்ட பகுதியும் எங்கள் பெட்டியில் உண்டு. அது விரைவானது, ஆனால் தடித்த சுவரைத் தாண்டுவதில் மெலிந்தது. மேசையைச் சுற்றி இருப்பவர்களுக்கு அதையும், திண்ணையில் இருப்பவர்களுக்கு மற்றதையும் ஒதுக்கினோம். முதற்பகுதியை 2005லும், மற்றதில் பெரும்பகுதியை 2018லும் உரிமம் இன்றிப் பயன்படுத்த நம் அரசு இசைவு தந்தது. எளியவர்களின் படிப்பகம் யாரிடமும் சீட்டு வாங்காமல் வானலையைப் பயன்படுத்துவது அதனால்தான்.

ஒரே வரிசையில் பல கைப்பேசிகள் எப்படிப் பேசுகின்றன என்று கேட்டேன். "ஒன்று பேசும்போது மற்றவை காத்திருக்கும் தாத்தா. பேசுவதற்கு முன் ஒவ்வொன்றும் காதுகொடுத்துக் கேட்கும்" என்றாள். எனக்குச் சுரங்கத்தின் மணிக்குறி நினைவுக்கு வந்தது. கூண்டு ஓடும்போது ஒரு தட்டு என்றால் நிறுத்து; மூன்று தட்டு என்றால் ஆட்கள் ஏறுகிறார்கள். அந்தக் கயிற்றை ஒரு நேரத்தில் ஒருவரே இழுக்கலாம். இருவர் சேர்ந்து இழுத்தால் மேலே இயந்திரம் ஓட்டுபவருக்குக் குறி குழம்பும். கீழே உயிர் போகும். பெட்டிக்குள் நடப்பதும் அந்தக் கட்டுப்பாடுதான். இங்கே நொடியில் பல்லாயிரம் முறை நடக்கிறது.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கிறேன். 1895இல் ஜகதீச சந்திர போஸ் கல்கத்தாவில் கம்பியில்லாமல் அலையை அனுப்பி, சுவருக்கு அப்பால் ஒரு மணியை ஒலிக்கச் செய்தார். அவர் கையாண்ட அலைகளின் நீளம் சில மில்லிமீட்டர் முதல் சில சென்டிமீட்டர் வரை. எங்கள் பெட்டியின் அலைகளுக்கு அவை நெருங்கிய உறவு. 1965இல் எங்கள் தங்கவயற் சுரங்கத்துக்குள், ஏறக்குறைய 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாட்டா ஆராய்ச்சிக் கழகமும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் சேர்ந்து, வான்வெளியில் தோன்றிப் பாறையைத் துளைத்து வரும் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் தடத்தைக் கண்டார்கள். அத்தனை பாறையைத் தாண்டி வந்த மெல்லிய குறியையும் அவர்கள் கேட்டதற்குக் காரணம், இரைச்சல் இல்லாத இடத்தைத் தேடிச் சென்று பொறுமையோடு காத்திருந்ததே. அதே ஊரில் பிறந்த நான், இருபதடி தொலைவில் பேசிய ஒரு பெண்ணின் குரலைக் கேட்கும்படி ஒரு பெட்டியை மாட்டத் தெரியாதவனாக இருந்தேன்.

அவ்வாண்டு எங்கள் லைனில் பிள்ளைகள் படிப்பகத்தில் அமர்ந்தே பாடம் கேட்டார்கள். அந்தப் பெண் அடுத்த ஆண்டு பெங்களூரில் வேறொரு வேலையில் சேர்ந்தாள். தாயோடு விடியற்கால ரயிலில் போய்வருகிறாள். வழியில் கண்டால், "மாமா, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்பாள். அவள் இழந்த ஓராண்டை நான் திருப்பித் தர இயலாது. மாதம் ஒருமுறை ஏணி வைத்து ஏறி, பெட்டியின் துளைகளில் படிந்த மண்மேட்டுத் தூசியைத் தூரிகையால் துடைத்துவிட்டு, செருகிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்க்கிறேன். அதை எவரிடமும் ஒப்படைக்கவில்லை.

அன்பர்களே, ஊரில் தனித்திருக்கும் பெற்றோருக்குப் பெட்டி வாங்கி அனுப்புகிறீர்கள், நன்று. அது அவர்கள் அமரும் இடத்துக்கு அருகில், அலமாரிக்கும் தகரத்துக்கும் விலகி மாட்டப்பட்டதா என்று கேளுங்கள். கம்பி செம்பா என்று கேளுங்கள். மாட்டி முடித்ததும் கோடுகளை எண்ணிக்கொண்டு நில்லாமல், தாயாரைச் சிறிது நேரம் பேசச் சொல்லி, அவர் குரல் உங்களுக்கு முழுமையாக வந்து சேருகிறதா என்று கேட்டுப் பாருங்கள். தெரியாததைச் சொல்லித்தர உங்கள் எதிர்வீட்டிலும் ஒரு பெண் இருக்கலாம். அவளைத் திருப்பி அனுப்பாதீர்கள்.